வேனில் 12 வோல்ட் ஃபிரிட்ஜுக்குத் தனி வயர் இழுப்பது: பேட்டரி நிறைந்திருந்தும் ஏன் நின்றுவிடுகிறது?

வெள்ளியங்கிரி_வண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபோர்ஸ் டிராவலர் 3350. படுக்கை, சிறு சமையல் மேடை, கூரையில் 2 சோலார் பேனல் என்று உள்வேலைகள் முடிந்து ஓராண்டு ஆகிறது. உள்பயன்பாட்டுக்கான பேட்டரி 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. எஞ்சின் பேட்டரியோடு அதற்குத் தொடர்பில்லை. பின்கதவை ஒட்டி இடப்பக்கம் உள்ள பெட்டிக்குள் அது இருக்கிறது.

சென்ற மாதம் 45 லிட்டர் கொள்ளளவுள்ள 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்தேன். புதிதாக வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, முன்பக்க விளக்குகளுக்குச் செல்லும் 1.5 சதுர மி.மீ. வயரிலிருந்தே கிளை எடுத்து, அதில் ஒரு சிகரெட் லைட்டர் சாக்கெட்டைப் பொருத்தி ஃபிரிட்ஜைச் செருகிவிட்டேன். ஃபிரிட்ஜின் பின்புறச் சீட்டில் 60 வாட் என்று இருக்கிறது, அதாவது 5 ஆம்பியர். விளக்குகள் எல்லாம் சேர்ந்து 1 ஆம்பியர்கூட எடுப்பதில்லை. வழியில் இருப்பது 10 ஆம்பியர் ஃபியூஸ். ஆகவே தாராளமாகப் போதும் என்பது என் கணக்கு.

ஆனால் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் நின்றுவிடுகிறது. திரையில் குறைவோல்ட் எச்சரிக்கை வருகிறது. சிறிது நேரம் கழித்துத் தானாகத் தொடங்கி மறுபடியும் நிற்கிறது. இரவு முழுவதும் இதே கூத்து. உடனே எழுந்து பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.1 வோல்ட். சாக்கெட்டில் வைத்தாலும் 13.1 வோல்ட். பேட்டரி விற்றவர் ஃபிரிட்ஜைக் குறை சொல்கிறார், ஃபிரிட்ஜ் விற்றவர் பேட்டரியைக் குறை சொல்கிறார். தனி வயர் இழுப்பதுதான் வழி என்றால், எத்தனை சதுர மி.மீ. போட வேண்டும், ஃபியூஸ் எங்கே வர வேண்டும், வண்டிக்குள் எந்த வழியாகக் கொண்டுபோவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஓம்_விதி எழுதியது:

பேட்டரியும் ஃபிரிட்ஜும் இரண்டுமே நல்ல நிலையில் இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் மீட்டர் வைத்த நேரம்தான் தவறு என்று நினைக்கிறேன். ஃபிரிட்ஜ் நின்ற பிறகு வயரில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத வயரில் இழப்பும் இல்லை. எனவே அறுந்துவிடும் நிலையில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயராக இருந்தாலும் மறுமுனையில் 13.1 என்றுதான் மீட்டர் காட்டும்.

மூன்று விவரங்கள் தேவை. முதலாவது, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது சாக்கெட்டில் எத்தனை வோல்ட் இருக்கிறது, அது தொடங்கும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது. உங்கள் மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், கண்ணால் பார்த்தால் தவறிவிடும். இரண்டாவது, வண்டியின் நீளத்தைச் சொல்லாமல், வயர் ஏறி இறங்கிச் செல்லும் உண்மையான தொலைவை அளந்து சொல்லுங்கள். மூன்றாவது, ஃபிரிட்ஜின் கையேட்டில் பேட்டரிப் பாதுகாப்பு என்ற தலைப்பில் என்ன எண்கள் உள்ளன?


மதுரை_புதியவன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஓர் இன்வெர்ட்டரை வைத்து, வீட்டு உபயோகத்துக்கான ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை ஓட்டிவிடலாமே. 12 வோல்ட் ஃபிரிட்ஜின் விலையில் பாதிக்கு வந்துவிடும்.


ஓம்_விதி எழுதியது:

விலையில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஃபிரிட்ஜ் ஓடாமல் சும்மா இருக்கும் நேரத்திலும் இன்வெர்ட்டர் விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பதற்கே 10 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. அவருடைய பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 1,280 வாட்-மணிதான். ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் ஒரு சொட்டுக் குளிர் தராமலே போய்விடும். கம்ப்ரசர் தொடங்கும் நொடியின் உதைப்பைத் தாங்கும் அளவுக்கு இன்வெர்ட்டரும் பெரிதாக இருக்க வேண்டும். இது தனி விவாதம், வேறோர் இழையில் பேசுவோம்.


வெள்ளியங்கிரி_வண்டி எழுதியது:

நீங்கள் கேட்ட அளவுகள் இதோ. கம்ப்ரசர் சீராக ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.1, சாக்கெட்டில் 11.9. தொடங்கும் நேரத்தில் மீட்டர் பிடித்துவைத்த குறைந்தபட்ச அளவு 11.0. வயர் பேட்டரிப் பெட்டியிலிருந்து கூரைக்கு ஏறி, கூரை ஓரமாக முன்னே வந்து, மறுபடி கீழே இறங்குகிறது. 4 மீட்டர்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கயிறு வைத்து அளந்தபோது 7 மீட்டர் வந்தது. ஃபிரிட்ஜின் பாதுகாப்பு உயர்நிலையில் இருக்கிறது: 11.1 வோல்ட்டில் நின்று, 12.4 வோல்ட்டில் மீண்டும் தொடங்கும் என்று கையேடு சொல்கிறது.


ஓம்_விதி எழுதியது:

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. உங்கள் எண்களைக் கொண்டே கணக்கிடுவோம்.

மின்சாரம் ஃபிரிட்ஜுக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். எனவே 7 மீட்டர் என்பது கணக்கில் 14 மீட்டர். 1.5 சதுர மி.மீ. நெகிழ்வான செம்பு வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓம். 14 மீட்டருக்கு 0.186 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 0.93 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடுகிறது. நீங்கள் அளந்த இழப்போ 1.2 வோல்ட். மீதமுள்ள கால் வோல்ட்டுக்கு மேற்பட்ட இழப்பு இணைப்புகளிலும் லைட்டர் சாக்கெட்டிலும் ஃபியூஸ் பிடிப்பிலும் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் தொடங்கும்போது மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இழப்பும் அதே விகிதத்தில் ஏறி 2.1 வோல்ட்டைத் தொடுகிறது. 13.1-இல் 2.1 போனால் 11.0. ஃபிரிட்ஜின் எல்லை 11.1. ஆகவே அது தன் கடமையைச் செய்து நின்றுவிடுகிறது. நின்றதும் இழப்பு மறைந்து வோல்ட் 13.1-க்கு ஏறுகிறது, அது 12.4-ஐத் தாண்டியதால் மறுபடி தொடங்குகிறது. இரவு முழுவதும் நடந்த கூத்து இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வகைக் கம்ப்ரசரை இயக்கும் மின்னணுச் சுற்று தனக்குத் தேவையான வாட் அளவைப் பெற்றே தீரும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். ஆம்பியர் கூடினால் வயரில் இழப்பும் கூடும். பழைய மஞ்சள் பல்பாக இருந்தால் ஒளி மங்குவதோடு நிறுத்திக்கொள்ளும், இது அப்படியன்று.

பாதுகாப்பைத் தாழ்நிலைக்கு மாற்றினால் நாளைக்கே ஃபிரிட்ஜ் ஓடும். அதைத் தற்காலிகமாகச் செய்துகொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி அளவுமீறித் தீர்ந்துபோகாமல் காக்க அதன் பி.எம்.எஸ். என்ற காப்புச் சுற்று இருக்கிறது. ஆனால் அதையே தீர்வாக எண்ணி விட்டுவிட்டால், அந்தக் கால் வோல்ட் இழப்பு எங்கோ ஓர் இணைப்பைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். பலகைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

வயர் அளவைப் பொறுத்தவரை, 12 வோல்ட்டில் 3 விழுக்காடு, அதாவது 0.36 வோல்ட் இழப்புக்குள் நிற்பது நல்ல வழக்கம். 14 மீட்டருக்கு 5 ஆம்பியர் என்றால் 4 சதுர மி.மீ. வயரில் 0.35 வோல்ட், 6 சதுர மி.மீ. வயரில் 0.23 வோல்ட், 10 சதுர மி.மீ. வயரில் 0.13 வோல்ட். நான் 6-க்குக் கீழே போக மாட்டேன்.


கரூர்_பாடிகட்டுபவர் எழுதியது:

பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறையில் வயரிங் வேலை பார்த்து இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓம்_விதி அவர்கள் போட்ட கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் போய் வயர் வாங்குவது முதல் நான் சொல்கிறேன்.

தம்பி, பழைய கடைக்காரர்கள் சிலர் இன்னும் 3/20, 7/20 என்றுதான் பேசுவார்கள். 7/20 என்றால் 20 கேஜ் தடிமனுள்ள ஏழு இழைகள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 4.6 சதுர மி.மீ. வரும். செம்பின் அளவு போதும் என்று அதை வாங்கிவிடாதீர்கள். ஒவ்வோர் இழையும் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. தடிமனுள்ள விறைப்பான கம்பி. சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்காகப் பிறந்தது. ஓடும் வண்டியில் லக்கின் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோகக் கண்ணியின்) கழுத்தருகே ஆடி ஆடி ஒவ்வோர் இழையாக ஒடியும். உங்களுக்கு வேண்டியது முடி போன்ற நுண்ணிய பல இழைகள் கொண்ட வயர். சோலார் வேலைக்கு விற்கும் ஈயம் பூசிய செம்பு டி.சி. வயர் 4, 6 சதுர மி.மீ. அளவுகளில் இப்போது எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. இரட்டை உறையோடு வரும், வெயிலையும் சூட்டையும் தாங்கும். நான் அதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன்.

விலை மலிவாக இருக்கிறதே என்று செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரை வாங்கி ஏமாறாதீர்கள். வெளியே பார்த்தால் செம்பு. கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அதே அளவுக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். கையில் எடுத்ததுமே எடை குறைவாகத் தெரியும். ஈயம் பூசிய வயரில் மேற்புறமும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆகவே அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரிய வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லைட்டர் சாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள். சுருட்டுப் பற்றவைக்கச் சில நொடி சூடாக்குவதற்காக வந்த பொருள் அது. ஒரு ஸ்பிரிங் முனை, பக்கவாட்டில் இரண்டு தகடு, இவ்வளவுதான் தொடுமிடம். குலுக்கலில் அதுவும் நழுவும். செருகியின் தலைக்குள் சிறு கண்ணாடி ஃபியூஸ் ஒன்றும் இருக்கும், அதுவும் சுடும். நேரடியாக இணையுங்கள், ஃபிரிட்ஜை அவ்வப்போது வெளியே எடுப்பீர்கள் என்றால் மின்ரிக்‌ஷா உதிரிக் கடைகளில் கிடைக்கும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டரைப் போடுங்கள்.

லக் நசுக்குவதற்குக் கட்டிங் பிளேயர் கூடாது. அறுகோண வாய் கொண்ட கிரிம்பிங் கருவியை ஒருநாள் வாடகைக்காவது வாங்குங்கள். நசுக்கியபின் பலமாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. அதற்கு மேல் ஈயமும் வைத்து உறுதியாக்குகிறேன் என்று சிலர் செய்வார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி, எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் வயர் குச்சியாகிவிடும். அதிர்வில் அங்கேதான் ஒடியும்.


பயணக்காரி எழுதியது:

எனக்கு ஓர் ஐயம். வண்டியின் உடலே இரும்புதான். எஞ்சின் பேட்டரி, முன்விளக்கு, ஹாரன் எல்லாமே பாடி எர்த்தில்தான் வேலை செய்கின்றன. பாசிட்டிவ் வயரை மட்டும் தடிமனாக இழுத்துவிட்டு, நெகட்டிவை ஃபிரிட்ஜின் அருகிலேயே பாடியில் போல்ட் போட்டு இணைத்துவிட்டால் பாதி வயரும் பாதி இழப்பும் மிச்சமாகுமே. நான் என் வண்டியில் தண்ணீர் பம்புக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன், இரண்டு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லை.


கரூர்_பாடிகட்டுபவர் எழுதியது:

அம்மா, உங்கள் பம்பு ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான் ஓடும். இவருடைய ஃபிரிட்ஜ் நாளெல்லாம் ஓடி நிற்கப்போகிறது. பாடி எர்த்தில் தகடு குறை வைப்பதில்லை, போல்ட்டின் அடிப்பரப்புதான் குறை வைக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிய வைத்து, பல்வாஷர் போட்டு முடுக்கிய நாளில் அருமையாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போகட்டும். சுரண்டிய இடத்தில் துரு கிளம்பும், அதன் பிறகு ஒரு நாள் நன்றாக ஓடும், ஒரு நாள் ஓடாது. பேருந்துகளில் பின்விளக்கு மங்கலாக எரிகிறது என்று வரும் புகார்களைத் தேடிப் போனால் பெரும்பாலும் எர்த் போல்ட்டில்தான் போய் நிற்கிறேன்.


ஓம்_விதி எழுதியது:

அதோடு இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரியில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று காட்டும் மானிட்டரின் ஷன்ட், அதாவது மின்னோட்டத்தை அளக்கும் துண்டு, நெகட்டிவ் பக்கத்தில்தான் இருக்கும். எல்லாச் சாதனங்களின் நெகட்டிவும் ஒரே பஸ்பாரில் (பல வயர்களைச் சேர்த்து முடுக்கும் உலோகப் பட்டையில்) சேர்ந்து, அங்கிருந்து ஷன்ட் வழியாகப் பேட்டரிக்குப் போனால்தான் அது சரியாக எண்ணும். யாராவது ஒரு சாதனத்தின் நெகட்டிவை நேரே பேட்டரி முனையில் மாட்டிவிட்டால், அந்தச் சாதனம் மானிட்டரின் கண்ணில் படவே படாது. உள்பயன்பாட்டுச் சுற்றின் நெகட்டிவ் பஸ்பாரை வண்டியின் உடலோடு ஒரே ஓர் இடத்தில் இணைப்பதும், சாதனங்களுக்கு இரண்டு வயராகவே கொண்டுபோவதும் நல்லது.


தேம்ஸ்_தமிழன் எழுதியது:

வணக்கம். நான் லண்டனில் ஒரு பழைய வானை வாங்கித் திருத்திக்கொண்டிருக்கிறேன். இங்கே இத்தகைய வாகனங்களின் 12 வோல்ட் சுற்றுக்கு ஈ.என். 1648-2 என்ற தரமும், 230 வோல்ட் பகுதிக்கு பி.எஸ். 7671-இன் 721-ஆம் பிரிவும் வழிகாட்டுகின்றன. அந்த 721-ஆம் பிரிவே 1.5 சதுர மி.மீ.-க்குக் குறைந்த வயரை ஏற்பதில்லை. ஆகவே வெள்ளியங்கிரி அண்ணாவின் வயர் தடைசெய்யப்பட்ட அளவு அல்ல. தூரத்துக்குப் போதாத அளவு, அவ்வளவுதான்.

என் சிக்கல் இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வானில் முன்பு எரிவாயு, 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் இயங்கும் பழைய வகைக் குளிர்ப்பெட்டி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அதே 12 வோல்ட் வயரில் கம்ப்ரசர் வகையைப் பொருத்தினேன். வான் ஓடும்போது வேலை செய்கிறது, எஞ்சினை நிறுத்தியதும் நின்றுவிடுகிறது. பற்றரி நிறைந்தே இருக்கிறது. இதுவும் வோல்ற் இழப்புத்தானா?


ஓம்_விதி எழுதியது:

உங்களுடையது வேறு. பழைய மூவழிப் பெட்டியில் 12 வோல்ட் என்பது வெறும் சூடேற்றி. அது 10 ஆம்பியருக்கு மேல் இடைவிடாமல் எடுக்கும். நிறுத்திய வண்டியில் அதை ஓடவிட்டால் ஓரிரவில் பேட்டரியைக் காலி செய்துவிடும் என்பதால், எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் கொடுக்கும்படி ஒரு ரிலே வழியாக அதை இணைத்திருப்பார்கள். உங்கள் புதுப் பெட்டி அந்த ரிலேயின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. உள்பயன்பாட்டுப் பேட்டரியிலிருந்து, ரிலேயைத் தொடாமல், தனியாக ஃபியூஸோடு புதிய வயர் இழுங்கள். பழைய வயரின் இரு முனைகளையும் கழற்றி உறையிட்டு விடுங்கள்.

பழைய வயர் தடிமனாகத்தான் இருக்கிறதே என்று அதையே மாற்றி இணைப்பதாக இருந்தால், முதலில் சுமையோடு அளந்து பாருங்கள். சூடேற்றிக்கு வோல்ட் குறைந்தால் சற்றுக் குறைவாகச் சூடாகும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கம்ப்ரசரின் மின்னணுச் சுற்று அப்படிப் பொறுத்துக்கொள்ளாது.


தேம்ஸ்_தமிழன் எழுதியது:

மிக்க நன்றி. எஞ்சின் அறையில் ரிலேயைக் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது.


மதுரை_புதியவன் எழுதியது:

ஃபியூஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 6 சதுர மி.மீ. வயர் 40 ஆம்பியர் தாங்கும் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அப்படியானால் 40 ஆம்பியர் ஃபியூஸ் போடலாமா? அல்லது வீட்டில் இருப்பது போன்ற எம்.சி.பி. போட்டால் திரும்பத் திரும்ப ஃபியூஸ் வாங்கும் செலவு மிச்சமாகுமே?


ஓம்_விதி எழுதியது:

நல்ல கேள்வி. ஃபியூஸ் வயரைக் காப்பதற்காக இருக்கிறது, சாதனத்தைக் காப்பதற்காக அன்று. எனவே வயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போகக் கூடாது என்பது நீங்கள் எடுத்துக்கொண்ட விதி. அது சரி. ஆனால் வழியில் எந்த வயர் மிக மெலிந்ததோ அதைத்தான் பார்க்க வேண்டும். 6 சதுர மி.மீ. வயர் ஆண்டர்சன் கனெக்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஃபிரிட்ஜோடு வந்த மெல்லிய வயர் இருக்கிறது. அது நசுங்கி ஒன்றோடொன்று தொட்டால் 40 ஆம்பியர் ஃபியூஸ் பொறுமையாக வேடிக்கை பார்க்கும், வயர் எரியும். செகாப் நிறுவனத்தின் பி.டி.35 கம்ப்ரசருக்கான குறிப்பேட்டில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றே உள்ளது. இவருக்கும் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும்.

அது இருக்க வேண்டிய இடம் பேட்டரி முனை. ஃபிரிட்ஜின் அருகில் வைத்தால் நடுவில் உள்ள முழு வயரும் காப்பின்றிக் கிடக்கும். படகுகளுக்கான அமெரிக்கத் தரம் ஏ.பி.ஒய்.சி. இ-11, மின்மூலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் வர வேண்டும் என்கிறது. வேனுக்கு அது சட்டமில்லை என்றாலும் பின்பற்றத்தக்க அளவு.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. லித்தியம் பேட்டரியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் பாயும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தொடலாம். பிளேடு ஃபியூஸ் பொதுவாக 1,000 ஆம்பியர் வரையில்தான் பாதுகாப்பாகத் துண்டிக்கும்; அதற்கு மேல் போனால் உருகிய இடத்திலேயே தீப்பொறி தொடர்ந்து எரியக்கூடும். பி.எம்.எஸ். முந்திக்கொண்டு துண்டிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே ஒரு முதன்மை ஃபியூஸ் வேண்டும்: முனையில் நேரடியாக உட்காரும் எம்.ஆர்.பி.எஃப். வகை 14 வோல்ட்டில் 10,000 ஆம்பியரையும், கிளாஸ் டி (Class T) வகை 20,000 ஆம்பியரையும் துண்டிக்கும். அதற்குப் பிறகு பிளேடு ஃபியூஸ் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் கிளை.

வீட்டு எம்.சி.பி. மாறுமின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது. அந்த மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். நேர்மின்சாரத்தில் அந்த உதவி கிடைக்காது. டி.சி. எம்.சி.பி. என்று தனியாக இருக்கிறது. அதிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் திசை பார்த்து மாட்ட வேண்டியவை உண்டு. 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் விலையை நினைத்து அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் வேறெங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.


வெள்ளியங்கிரி_வண்டி எழுதியது:

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை நடந்தது. பலகையைக் கழற்றியதும் எனக்கே அச்சமாகிவிட்டது. ஓராண்டுக்கு முன் உள்வேலை செய்தவர்கள் கூரை மூலையில் வயரை முறுக்கி, பிளாஸ்டிக் கனெக்டரில் திருகி, மேலே டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். கனெக்டரின் ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்தது. டேப்பின் பசை வழிந்து பலகையில் ஒட்டியிருந்தது. ஓம்_விதி ஐயா சொன்ன அந்தக் கால் வோல்ட்டில் பாதி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அந்த மூலையில் வயருக்கும் தெர்மாகோலுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளிகூட இல்லை.

கூரை வழியைக் கைவிட்டு, தரைக்கு அடியில் சேசிஸ் ஓரமாகக் கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன். அப்படி வந்தால் ஒருவழித் தொலைவு 5.2 மீட்டர்தான். ஆனால் இணையத்தில் செகாப் கம்ப்ரசருக்கான வயர் அட்டவணை ஒன்றைப் பார்த்தேன். 12 வோல்ட்டில் 4 சதுர மி.மீ.-க்கு 4 மீட்டர், 6-க்கு 6 மீட்டர், 10-க்கு 10 மீட்டர் என்று ஒரே சீராகப் போகிறது. முதலில் இருந்த 7 மீட்டருக்கு அந்தக் கணக்கில் 10 சதுர மி.மீ. அல்லவா வேண்டும்? தரை வழியில் போனால் 6 போதுமா? தரையைத் துளையிடுவதில் கவனிக்க வேண்டியது என்ன?


ஓம்_விதி எழுதியது:

அந்த அட்டவணை தொடக்க நொடியின் உதைப்பையும், பாதி தீர்ந்த ஈயப் பேட்டரியையும் மனத்தில் கொண்டு கறாராகப் போடப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி 7 மீட்டருக்கு 10 என்பது சரி. நான் சொன்ன 6 அங்கே கொஞ்சம் சிக்கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். 5.2 மீட்டருக்கு 6 அந்த அட்டவணைக்குள்ளேயே வந்துவிடுகிறது. போய்வர 10.4 மீட்டர், 0.034 ஓம், 5 ஆம்பியரில் 0.17 வோல்ட். தடிமனைக் கூட்டுவதைவிட வழியைக் குறுக்கியது நல்ல முடிவு.


கரூர்_பாடிகட்டுபவர் எழுதியது:

துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், மேலே இருந்து அளந்து நம்பாதீர்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், பழைய வயர் கட்டு எது எங்கே போகிறது என்று சாக்பீஸால் தரையின் மேற்பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள். ட்ரில் பிட்டில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, தகட்டைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் இறங்காதபடி செய்யுங்கள். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு எதிர்ப்புப் பூச்சுத் தடவி, காய்ந்த பிறகே ரப்பர் குரோமெட்டை (துளை விளிம்பை மூடும் வளையத்தை) மாட்ட வேண்டும். குரோமெட் இல்லாமல் தகட்டு விளிம்பில் வயரை விட்டால், ரம்பத்தின் மேல் வைத்ததற்குச் சமம்.

அடியில் வயர் முழுக்கவும் நெளிவுக் குழாய்க்குள் போக வேண்டும். ஒரு சாணுக்கு ஒன்று என்று கிளிப் போட்டுப் பிடியுங்கள். எக்ஸாஸ்ட் போகும் பக்கத்தைத் தவிருங்கள். பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டவே கூடாது. குழாய் எங்கே மிகத் தாழ்வாகத் தொங்குகிறதோ அங்கே அடிப்பக்கம் சிறு துளை ஒன்று விடுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். மேலே ஏறும் இரண்டு முனைகளிலும் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்துவிட்டு ஏற்றுங்கள். வயர் வழியாக வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 230 வோல்ட் வயர் ஏதாவது இருந்தால் அது வேறு குழாயில் போகட்டும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். கூரையில் பேனல் இருப்பதால், அதற்கும் முன்பாகச் சோலார் பேனலின் இணைப்பைத் துண்டியுங்கள். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் கன்ட்ரோலரில் மாட்டியிருப்பதைப் பல கன்ட்ரோலர்கள் ஏற்பதில்லை.


பயணக்காரி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு என் பம்பின் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். கரூர் அண்ணா, வாஷருக்கு அடியில் செம்மண் நிறத்தில் பொடி உதிர்ந்தது. இரண்டாவது வயர் இழுக்க முடிவு செய்துவிட்டேன். வாதத்தில் தோற்றதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.


வெள்ளியங்கிரி_வண்டி எழுதியது:

வேலை முடிந்து மூன்று வாரமாகிறது. அளவுகளைக் கொடுத்துவிட்டு இழையை முடித்துக்கொள்கிறேன்.

ஈயம் பூசிய 6 சதுர மி.மீ. வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், தரைக்கு அடியில் குழாய்க்குள். பேட்டரி முனையில் முதன்மை ஃபியூஸ், அடுத்து பிளேடு ஃபியூஸ் பெட்டியில் ஃபிரிட்ஜுக்கு மட்டும் 15 ஆம்பியர். மறுமுனையில் ஆண்டர்சன் கனெக்டர். கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரியில் 13.12 வோல்ட், ஃபிரிட்ஜின் முனையில் 12.93. தொடங்கும் நொடியில் மீட்டர் பிடித்த குறைந்தபட்சம் 12.7. பாதுகாப்பை மறுபடி உயர்நிலைக்கே வைத்திருக்கிறேன்; இதுவரை ஒரு முறைகூட எச்சரிக்கை வரவில்லை. ஃபிரிட்ஜின் பின்பக்கப் பலகையில் காற்றுக்காக இரண்டு சன்னல் வெட்டியதும் அது ஓடும் நேரத்தைக் கண்ணுக்குத் தெரியக் குறைத்திருக்கிறது.

சென்ற வாரம் ஆழியாறு வழியாக வால்பாறை போய்வந்தோம். 40 கொண்டை ஊசி வளைவுகளும் அவற்றுக்கு மேற்பட்ட குலுக்கலும் முடிந்து வீடு திரும்பியதும் எல்லா லக்குகளையும் தொட்டுப் பார்த்தேன். நெகட்டிவ் பஸ்பாரில் ஒரு நட் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. அதற்கு நைலான் வளையமுள்ள நட் மாற்றிவிட்டேன். பழைய 1.5 சதுர மி.மீ. வயரின் உருகிய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, லக் வைத்து ஒழுங்காக இணைத்திருக்கிறேன். இனி அதில் விளக்குகள் மட்டும்தான். அதன் ஃபியூஸை 10-இலிருந்து 5 ஆம்பியருக்கு இறக்கியாகிவிட்டது.